சிங்கப்பூரில் 14 மணி நேரக் காத்திருப்பு... ஏர்போர்ட் நாற்காலியா, தெலுக் ஆயர் தெருவா?

சென்னையில் இருந்தோ திருச்சியில் இருந்தோ ஆஸ்திரேலியாவுக்குக் குறைந்த விலையில் டிக்கெட் தேடினால், பல நேரம் நடுவில் சிங்கப்பூர் வந்து நிற்கும். கூடவே நீளமான ஒரு காத்திருப்பும் வரும். 8 மணி நேரம், 11 மணி நேரம், சில டிக்கெட்டுகளில் 14 மணி நேரம்கூட. மகளின் பிரசவத்துக்காக முதன்முறையாக விமானம் ஏறும் அம்மாக்கள், படிக்கக் கிளம்பும் பிள்ளைகள் எனத் தனியாகப் போகிறவர்களிடம் வீட்டில் சொல்லி அனுப்புவது ஒன்றுதான்: ‘எங்கேயும் போயிடாத... கேட் பக்கத்துலயே உட்கார்ந்துக்கோ!’

பயத்தில் சொல்லும் யோசனை. அதில் நியாயமும் இருக்கிறது. விமானத்தைத் தவறவிட்டால் புது டிக்கெட்டுக்கு யார் பணம் கட்டுவது? ஆனால், தமிழை ஆட்சிமொழிகளில் ஒன்றாக வைத்திருக்கும் ஒரு நாட்டின் வாசலில் 14 மணி நேரம் நாற்காலியில் சாய்ந்தே கிடப்பதும் நஷ்டம்தான். தனியாக வெளியே போய், பார்த்துவிட்டு, பத்திரமாகத் திரும்ப முடியும். அதற்குத் துணிச்சலைவிடக் கணக்குதான் முக்கியம்.

முதலில் கையில் இருக்கும் பேப்பர்

எந்த இடத்தைப் பார்ப்பது என்று யோசிப்பதற்கு முன்பே, வெளியே போக முடியுமா என்பதை முடிவு செய்வது பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும்தான். இந்தியர்கள் சிங்கப்பூருக்குள் நுழைய விசா வேண்டும். ஏர்போர்ட்டில் இறங்கிய பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஊரில் இருக்கும்போதே, அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட்கள் வழியாக விண்ணப்பித்து வாங்க வேண்டும்.

ஆனால், ஒரு சலுகை இருக்கிறது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான் போன்ற சில நாடுகளின் செல்லுபடியாகும் விசா கையில் இருந்து, சிங்கப்பூர் வழியாக வேறொரு நாட்டுக்குப் போகும் இந்தியர்கள், தனி விசா இல்லாமல் 96 மணி நேரம் வரை உள்ளே இருக்கலாம். அடுத்த விமானத்துக்கு உறுதியான டிக்கெட் இருக்க வேண்டும். அந்த விசா குறைந்தது ஒரு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். பாஸ்போர்ட்டும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் உயிரோடு இருக்க வேண்டும். இவ்வளவு இருந்தும், கடைசி வார்த்தை இமிக்ரேஷன் அதிகாரியுடையதுதான். போகும்போதும் திரும்பும்போதும் நிபந்தனைகள் ஒன்றாகவே இருக்கும் என்றும் நினைத்துவிடக் கூடாது. டிக்கெட் போடும் நாளிலேயே சிங்கப்பூர் குடிநுழைவு ஆணையத்தின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஆஸ்திரேலிய விசா இப்போது பாஸ்போர்ட்டில் ஒட்டப்படுவதில்லை. மின்னஞ்சலில் ஒரு கடிதமாகத்தான் வரும். அதை பிரின்ட் எடுத்து கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ‘பையன் போன்ல அனுப்பியிருக்கான்’ என்று கவுன்ட்டரில் நின்றுகொண்டு வாட்ஸ்அப்பில் தேடுவது பெரிய வேதனை.

இன்னொரு கண்ணி டிக்கெட்டில் இருக்கிறது. சென்னையில் இருந்து கடைசி ஊர் வரை ஒரே புக்கிங் என்றால், பெட்டி நேராக அங்கே போய்விடும். பணம் மிச்சம் என்று இரண்டு விமான நிறுவனங்களில் தனித்தனியாக டிக்கெட் போட்டிருந்தால், இமிக்ரேஷன் தாண்டி வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டிவரலாம். அப்போது சிங்கப்பூருக்குள் நுழையும் தகுதி இல்லையென்றால் சென்னையிலேயே போர்டிங் பாஸ் தர மறுக்கவும் வாய்ப்பு உண்டு. நாலாயிரம், ஐயாயிரம் மிச்சம் பிடிக்கப் போய் மொத்தப் பயணமும் நின்றுவிடும் இடம் இது.

கூடவே, ‘எஸ்ஜி அரைவல் கார்டு’ என்ற ஆன்லைன் படிவம். நாட்டுக்குள் நுழையும் எல்லா வெளிநாட்டினரும், சிங்கப்பூரில் இறங்கும் நாளோடு சேர்த்து மூன்று நாள்களுக்குள் நிரப்ப வேண்டும். இது முழுக்க இலவசம். காசு கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசாங்கத்தின் தளம் இல்லை.

பின்னால் இருந்து எண்ண வேண்டும்

57 வயது அம்மா ஒருவர், இரவு சென்னையில் கிளம்பி காலை 6 மணிக்கு சாங்கி விமான நிலையத்தில் இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மெல்போர்ன் விமானம் இரவு 8 மணிக்கு. கையில் 14 மணி நேரம் இருப்பதுபோலத் தெரியும். ஆனால், கணக்கை விமானம் கிளம்பும் நேரத்தில் இருந்து பின்னோக்கிப் போட வேண்டும்.

8 மணி விமானத்துக்கு மாலை 5 மணிக்கு ஏர்போர்ட்டில் இருந்தால் நிம்மதி. அதற்கு ஊருக்குள் இருந்து 4 மணிக்குக் கிளம்ப வேண்டும். காலையில் இறங்கி, பல் துலக்கி, உடை மாற்றி, இமிக்ரேஷன் தாண்டி, கைப்பெட்டியை லக்கேஜ் அறையில் ஒப்படைத்து, ரயில் ஏறி ஊருக்குள் போய்ச் சேர எட்டரை ஆகிவிடும். ஆக, கையில் மிஞ்சுவது ஏழரை மணி நேரம்.

அந்த ஏழரையும் முழுசாகக் கிடைக்காது. சிங்கப்பூரின் கடிகாரம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே காலை 6 என்றால் உடம்புக்கு இன்னும் அதிகாலை மூன்றரைதான். விமானத்தில் சரியாகத் தூங்கியிருக்கவும் முடியாது. நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் வருடம் முழுக்க ஏறக்குறைய 7 மணிக்குத்தான் விடியும், மாலை 7 மணி வாக்கில் இருட்டும். அதனால் இறங்கியதும் வெளியே பாய வேண்டிய அவசியமே இல்லை. ஒரு மணி நேரம் உள்ளேயே கால் நீட்டிவிட்டுக் கிளம்பலாம்.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் தெரிந்துவிடுகிறது. கார்டன்ஸ் பை தி பே பூங்காவின் ‘சூப்பர்ட்ரீ’ மரங்களில் நடக்கும் இலவச ஒளிக்காட்சி இரவு 7.45-க்கும் 8.45-க்கும்தான். 8 மணிக்கு விமானம் உள்ளவர்கள் அதை மறந்துவிட வேண்டியதுதான். யூடியூபில் பார்த்து ஆசைப்பட்ட இடமெல்லாம் பட்டியலில் இருக்கலாம். கடிகாரம் ஒத்துக்கொள்ள வேண்டுமே! மொத்தக் காத்திருப்பே 6 மணி நேரம்தான் என்றால், தனியாக ஊருக்குள் போகும் யோசனையைக் கைவிடுவதே உத்தமம்.

ஒரே ஒரு நீலக் கோடு

தனியாகப் போகிறவருக்கு வழி தவறுவதுதான் பெரிய பயம். அதற்கு ஒரு எளிய தீர்வு உண்டு. ஊரையே சுற்றாமல், ஒரே ரயில் தடத்தைப் பிடித்துக்கொள்வது. ஏர்போர்ட் ஸ்டேஷனில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் எக்ஸ்போ. அங்கே இறங்கி, வரைபடத்தில் நீல நிறத்தில் இருக்கும் ‘டவுன்டவுன் லைன்’ மாற வேண்டும். சைனாடவுன், தெலுக் ஆயர், பேஃபிரன்ட், பூகிஸ், லிட்டில் இந்தியா என்று பார்க்க வேண்டிய இடங்கள் வரிசையாக இந்த நீலக் கோட்டிலேயே இருக்கின்றன. ஸ்டேஷன் பெயர்ப் பலகைகளில் தமிழும் உண்டு. தடங்களில் பராமரிப்பு வேலை, மாற்று ஏற்பாடு என ஏதாவது இருக்கலாம் என்பதால், ஏறும் முன் அன்றைய அறிவிப்பை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டிக்கெட் வாங்க வரிசையில் நிற்க வேண்டாம். விசா, மாஸ்டர்கார்டு முத்திரை உள்ள ‘டேப்’ செய்யும் வங்கி அட்டையை நுழைவாயிலில் காட்டினாலே கதவு திறக்கும். வெளிநாட்டு அட்டைக்குச் சின்னக் கட்டணம் ஒன்று சேரும், பரவாயில்லை. வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முன்கூட்டியே ‘ஆன்’ செய்திருக்க வேண்டும். இதை மறந்தவர்களுக்குத்தான் சிக்கல். ரயிலில் தண்ணீர் குடிப்பதுகூடக் குற்றம். சாப்பிட்டாலோ குடித்தாலோ 500 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம்.

முதல் நிறுத்தமாக சைனாடவுன்தான் சரி. லிட்டில் இந்தியாவுக்கு நேராக ஓடத் தோன்றும். ஆனால், அது மதியச் சாப்பாட்டுக்கு இருக்கட்டும். சைனாடவுன் ஸ்டேஷனில் ‘ஏ’ வாசல் வழியாக மேலே வந்தால் பகோடா தெரு. இரண்டு பக்கமும் நினைவுப் பொருள் கடைகள், மேலே சிவப்பு விளக்குகள். அந்தத் தெருவின் கோடியில் நிற்பது ஸ்ரீ மாரியம்மன் கோயில்!

அந்தக் கோபுரத்தைப் பார்த்துதான் தெருவுக்கே ‘பகோடா’ என்று பெயர் வந்தது. கோயிலின் மறுபக்கம் இருக்கும் டெம்பிள் தெருவுக்கும் இந்தக் கோயில்தான் காரணம். பக்கத்திலேயே மாஸ்க் தெரு. அது ஜாமிஆ சூலியா பள்ளிவாசலால் வந்த பெயர். சூலியா என்றால் சோழமண்டலக் கரையில் இருந்து போன தமிழ் முஸ்லிம்கள். ஆக, சீனர் பகுதியின் மூன்று தெருக்கள் தமிழர்கள் கட்டிய வழிபாட்டுத் தலங்களின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கின்றன.

கோயிலைத் தொடங்கியவர் நாராயண பிள்ளை. பினாங்கில் இருந்து 1819-ல் ராஃபிள்ஸுடன் கப்பலில் வந்தவர். செங்கல் சூளை போட்டு, கட்டட ஒப்பந்ததாரராக வளர்ந்தவர். 1827-ல் மரமும் ஓலையும் கொண்டு எழுப்பிய சின்னக் கோயில்தான் இன்று சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில். நாகப்பட்டினம், கடலூர் பக்கத்தில் இருந்து வந்தவர்களின் உழைப்பு இதில் நிறைய உண்டு. தீபாவளிக்கு முன்னால் தீமிதித் திருவிழா இன்றும் நடக்கிறது. நம் ஊர் வழக்கப்படி நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். காலையிலேயே இங்கே வரச் சொல்வது அதற்காகத்தான். அதே சவுத் பிரிட்ஜ் சாலையில் பள்ளிவாசலும், 2007-ல் திறக்கப்பட்ட புத்தர் பல் ஆலயமும் நடக்கும் தூரத்திலேயே இருக்கின்றன.

அங்கிருந்து 10, 15 நிமிடம் நடந்தால் தெலுக் ஆயர் தெரு. மலாய் மொழியில் ‘தெலுக்’ என்றால் விரிகுடா. இன்று சுற்றிலும் கண்ணாடிக் கோபுரங்கள், கழுத்தில் அடையாள அட்டையோடு காபிக்கு ஓடும் ஊழியர்கள். ஆனால், ஒரு காலத்தில் இந்தத் தெருவின் ஓரம்தான் கடற்கரை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்து நிலமாக்கியதில், கடல் தள்ளிப் போய்விட்டது. கப்பலில் வந்தவர்கள் கால் வைத்த கரை இது. கால் வைத்ததும் அவர்கள் தேடியது நன்றி சொல்ல ஓர் இடம்.

சீனாவின் ஃபூஜியன் பகுதியில் இருந்து வந்த ஹொக்கியன் மக்கள், கடலோடிகளைக் காக்கும் மாசு தேவிக்கு இங்கே தியான் ஹோக் கெங் கோயிலைக் கட்டினார்கள். 1839-ல் ஆரம்பித்து 1842-ல் முடித்தார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1828-1830 வாக்கில், அதே தெருவில் தமிழ் முஸ்லிம்கள் நாகூர் தர்காவை எழுப்பியிருந்தார்கள். நாகூரில் அடங்கியிருக்கும் ஷாகுல் ஹமீது ஆண்டவரின் நினைவாகக் கட்டியது. கடலில் காப்பாற்றுவார் என்று இவர்கள் நம்பியது அவரை. இப்போது அது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையம். திறந்திருக்கும் நாளாக இருந்தால் அரைமணி நேரம் உள்ளே செலவிடலாம். இதே தெருவில் அல்-அப்ரார் பள்ளிவாசலும் உண்டு. 1827-ல் குடிசையாகத் தொடங்கியதால் இதற்குத் தமிழில் ‘குச்சுப் பள்ளி’ என்றே பெயர். சீன, மலாய் பெயர்களுக்கு நடுவில் அந்தப் பெயர் இன்னும் நிலைத்திருக்கிறது.

சிங்கப்பூர் சுற்றுலா என்றால் மெர்லயன் முன்னால் நின்று எடுத்த போட்டோதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். 8.6 மீட்டர் உயரச் சிலை, வாயில் இருந்து தண்ணீர், சுற்றிலும் கூட்டம். ஏழு மணி நேரம் மட்டுமே இருக்கிறவர், அதைவிட இந்த ஒரு தெருவுக்கு நேரம் கொடுக்கலாம். வெயிலும் இங்கே பெரிதாகத் தெரியாது. பழைய கடைவீடுகளின் முன்னால் கூரையோடு இருக்கும் ‘ஐந்தடி நடைபாதை’யில் நடக்கலாம். 1822-ல் ராஃபிள்ஸின் நகரத் திட்டத்தில் வந்த விதி அது. நம் திண்ணையைத் தெரு நீளத்துக்கும் இழுத்துவிட்டதுபோல இருக்கும். பிற்பகல் மழை திடீரென்று கொட்டும்போது இதன் அருமை புரியும். நவம்பர் முதல் ஜனவரி வரை குடை கட்டாயம்.

‘போட்டோ எங்கே?’ என்று கேட்கும் உறவினர்களுக்காக, தெலுக் ஆயரில் நீல ரயில் ஏறி இரண்டாவது ஸ்டேஷனான பேஃபிரன்ட்டில் இறங்கலாம். மரினா பே சாண்ட்ஸ் கட்டடமும் சூப்பர்ட்ரீ மரங்களும் அங்கேதான். மரங்களின் அடியில் நடக்கக் கட்டணம் கிடையாது. கண்ணாடிக் கூடாரங்களுக்கு டிக்கெட் உண்டு. நேரம் குறைவு என்பதால் அதைத் தாண்டிவிடலாம்.

சாப்பாடும் சர்க்கரையும்

பேஃபிரன்ட்டில் இருந்து நான்காவது ஸ்டேஷன் லிட்டில் இந்தியா. வாசலிலேயே தேக்கா சென்டர். கீழே காய்கறி, மீன் சந்தையும் உணவுக் கடைகளும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் சிராங்கூன் சாலையில் 1947-லிருந்து இருக்கும் கோமள விலாஸ் பக்கம் போகலாம். பக்கத்தில் வீரமாகாளியம்மன் கோயில். ஞாயிற்றுக்கிழமை என்றால் இந்தப் பகுதியின் முகமே வேறு. கட்டுமான வேலைகளில் இருக்கும் தமிழ், வங்காளத் தொழிலாளர்கள் விடுமுறைக்குக் கூடும் இடம். ஊருக்குப் பணம் அனுப்புவதும், நண்பர்களைப் பார்ப்பதும், மளிகை வாங்குவதும் அன்றைக்குத்தான். கூட்டம் அதிகமாக இருக்கும், நடக்கக் கூடுதல் நேரம் வைத்துக்கொள்ள வேண்டும்.

‘ஹாக்கர் சென்டர்’ எனப்படும் பொது உணவுக் கூடங்களின் கலாசாரம் 2020-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்தது. காலி மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால், அது யாரோ இடம் பிடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். பஸ் சீட்டில் துண்டு போடுகிற ஊர்க்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை! சாப்பிட்ட தட்டை அதற்கான இடத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். இது வெறும் நாகரிகம் மட்டும் இல்லை, 2021-ல் இருந்து சட்டம்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெறுமனே ‘கோப்பி’ என்று கேட்டால், கண்டென்ஸ்டு மில்க் ஊற்றி பாயசம்போல வரும். ‘கோப்பி ஓ கோசோங்’ என்றால் பால், சர்க்கரை இரண்டும் இல்லாத கடுங்காபி. ‘தே ஓ கோசோங்’ என்றால் அதே மாதிரி டீ. குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம் என்பதால் காலி பாட்டில் ஒன்று போதும்.

மாத்திரைகள் கைப்பையில் இருக்க வேண்டும். பெரிய பெட்டி நேராகக் கடைசி ஊருக்குப் போய்விட்ட பிறகு, பிபி மாத்திரையை நினைத்துப் பயனில்லை. டாக்டர் சீட்டும் கூடவே இருக்கட்டும். சூயிங் கம், இ-சிகரெட், மெல்லும் புகையிலை மூன்றும் சிங்கப்பூருக்குள் கொண்டுபோகக் கூடாதவை. சிகரெட்டுக்கு வரிச் சலுகையும் இல்லை, ஒரு பாக்கெட் என்றாலும் சுங்கத்தில் சொல்ல வேண்டும். போலீஸுக்கு 999, ஆம்புலன்ஸுக்கு 995.

தனியாகப் போகத் தயக்கமா?

அப்படியானவர்களுக்கு ஒரு நடுவழி உண்டு. ஐந்தரை மணி நேரத்துக்கு மேல், 24 மணி நேரத்துக்குள் காத்திருப்பு உள்ள டிரான்சிட் பயணிகளை சாங்கி விமான நிலையமே இலவசமாகப் பேருந்தில் அழைத்துப்போய்ச் சுமார் இரண்டரை மணி நேரம் ஊரைக் காட்டுகிறது. இதற்கும் உள்ளே நுழையும் தகுதி வேண்டும். டிரான்சிட் பகுதியில் இருக்கும் கவுன்ட்டரில் பதிவு செய்ய வேண்டும். அவசரப்பட்டு முதலிலேயே இமிக்ரேஷன் தாண்டிவிட்டால் இந்த வாய்ப்பு போய்விடும்.

விசா தகுதியே இல்லையென்றால்? மூன்றாவது டெர்மினலில் பட்டாம்பூச்சிப் பூங்கா, இலவச சினிமா என்று உள்ளேயே பொழுது போகும். 40 மீட்டர் உயரத்தில் இருந்து கொட்டும் உள்ளரங்க அருவியுள்ள ‘ஜூவல்’ மட்டும் கிடைக்காது. அது ஏர்போர்ட் வளாகத்திலேயே இருந்தாலும் இமிக்ரேஷனுக்கு வெளியே இருக்கிறது. பலர் ஏமாறும் இடம் இது. ஊருக்குப் போய்வருகிறவர்கள் திரும்பும்போது, 5 மணிக்கு முன்னால் நேரம் மிச்சமிருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

திரும்பும் வழிக்கு ஒரு சின்ன உபாயம். நீலத் தடம் ஊருக்குள் வளைந்து தன்னையே வெட்டிக்கொண்டு போகிறது. லிட்டில் இந்தியாவில் ஏறினால் வந்த வழியெல்லாம் சுற்ற வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக 10 நிமிடம் நடந்து ஜாலான் பசார் ஸ்டேஷனில் ஏறினால் எக்ஸ்போவுக்கு நேர் வழி. கால் வலித்தாலோ மழை பிடித்துக்கொண்டாலோ டாக்ஸிதான். அந்தக் காசைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மீதியைச் செலவழிப்பது புத்திசாலித்தனம்.

இமிக்ரேஷன் முடிந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று டூட்டி ஃப்ரீ கடைகளில் நின்றுவிடக் கூடாது. சாங்கியின் முதல் மூன்று டெர்மினல்களிலும் பைகளைச் சோதிப்பது அந்தந்த கேட் வாசலில்தான். அங்கே ஒரு வரிசை காத்திருக்கும். பாட்டிலில் மிச்சமிருக்கும் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு அந்த வரிசையில் போய் நிற்கலாம்.